குருவி சிக்கியது, கூர்மை சிக்கவில்லையே!

சூப்பர்ஜூம் கேமராவில் பறவைப் படம்: வாசகர் கேள்வி பதில்

லென்ஸைக் கழற்றி மாட்ட முடியாத, ஆனால் 50 மடங்கு, 65 மடங்கு, 83 மடங்கு என்று நீளும் ஜூம் கொண்ட கேமராக்களைப் பற்றித்தான் இம்முறை கேள்விகள். பிரிட்ஜ் கேமரா என்றும் இவற்றைச் சொல்வார்கள். கடிதங்கள் பலவற்றில் ஒரே புலம்பல்: பறவை பெரிதாக வருகிறது, தெளிவாக வரவில்லை. அதிலிருந்தே தொடங்குவோம்.

கே: ஃப்ரேம் நிறையப் பறவை வந்தாலும் படம் மங்கலாகவே இருக்கிறது. கோளாறு கேமராவிலா, என் கையிலா?

ப: படமே சொல்லிவிடும். கேமராத் திரையில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கணினியில் 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, பறவையின் கண், அலகு, அது உட்கார்ந்திருக்கும் கிளை மூன்றையும் பாருங்கள். மங்கலில் பல வகை உண்டு.

கிளை, இறகு எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பறவையின் கண்ணில் பளபளக்கும் சூரியப் புள்ளி இதற்கு நல்ல சாட்சி. அது புள்ளியாக இல்லாமல் சிறு கோடாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். கால் பற்றியிருக்கும் கிளை பளிச்சென்று இருந்து, தலை மட்டும் கலைந்திருக்கிறதா? பறவை தலையைத் திருப்பியிருக்கிறது, ஷட்டர் திறந்து மூடும் வேகம் போதவில்லை. பின்னால் உள்ள மரப்பட்டையின் வெடிப்பு துல்லியமாகவும் பறவை பஞ்சுபோலவும் இருந்தால் ஃபோகஸ் பின்னால் ஓடிவிட்டது. விளிம்பெல்லாம் சரி, ஆனால் மார்பு இறகுகள் நீர்வண்ண ஓவியம்போல் ஒன்றோடொன்று கரைந்து கிடந்தால், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) ஏறிவிட்டது, அதனால் விழும் மணல் போன்ற புள்ளிகளை, அதாவது நாய்ஸைத் துடைக்கப் போன கேமரா இறகையும் சேர்த்துத் துடைத்திருக்கிறது. தொடர்ந்து எடுத்த பத்துப் படத்திலும் விளிம்புகள் பத்து விதமாக நெளிந்திருந்தால் அது காற்றின் வெப்ப அலை. எதை எடுத்தாலும் புகை படிந்தாற்போல் இருந்தால் முன்கண்ணாடியில் விரல் ரேகையோ ஈரமோ இருக்கிறது, துடைத்தால் போச்சு.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஃபோகஸ் பிழைக்கு முக்காலி வாங்குவதும், கை நடுக்கத்துக்குக் கேமராவையே மாற்றுவதும் தலைவலிக்குக் காலில் கட்டுப்போடுகிற கதை.

கே: பெட்டியில் 1200 மி.மீ. என்று போட்டிருக்கிறது. மற்றவர்கள் 600 மி.மீ. லென்ஸையே தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். என்னுடையது ஒரு கையில் அடங்குகிறது. இதில் எங்கே ஏமாற்று?

ப: ஏமாற்று இல்லை, கணக்குதான். கேனான் எஸ்எக்ஸ்50 கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் வந்தது, இன்னும் பலர் கையில் இருப்பது. அதன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 215 மி.மீ. மட்டுமே. ஆனால் ஒளியைப் பதியும் அதன் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம், சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். பெரிய கேமராக்களில் இருக்கும் ஃபுல்ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால், 215ஐ ஏறத்தாழ 5.6ஆல் பெருக்கி 1200க்குச் 'சமம்' என்கிறார்கள். பறவை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கு அந்த எண் சரி.

வெளிச்சத்துக்கு அந்த எண் பேசாது. முழு ஜூமில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப்/6.5 (இந்த எண் சிறிதானால் திறப்பு பெரிது). 215ஐ 6.5ஆல் வகுத்தால் 33 மி.மீ.; ஒளி நுழையும் வாசல் அவ்வளவுதான். அந்தத் தூக்கமுடியாத 600 மி.மீ. எஃப்/4 லென்ஸின் வாசல் 150 மி.மீ. எடை எங்கே போகிறது என்று புரிகிறதல்லவா? சென்சாரின் பரப்பும் ஃபுல்ஃப்ரேமில் முப்பதில் ஒரு பங்குதான். ஆகவே இந்தக் கேமரா வெயிலில் ராஜா, மரநிழலில் ஆண்டி. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரே காரணத்தின் கிளைகள்.

கே: ஆட்டோவை விட்டு வெளியே வர ஆசை. எந்த மோடு, எந்த எண்கள்?

ப: டயலில் ஏ அல்லது ஏவி என்று இருக்கும் அப்பர்ச்சர் மோடில் வையுங்கள். அப்பர்ச்சரை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவும் திறந்து விடுங்கள். முழு ஜூமில் அது எஃப்/6.5 என்றால் 6.5. பெரிய கேமராக்காரர்கள் "எஃப்/8க்கு மூடினால் கூர்மை கூடும்" என்பார்கள். அவர்கள் கேமராவில் அது உண்மை, உங்களுடையதில் நேர் எதிர். பள்ளி இயற்பியலில் படித்த விளிம்பு விளைவுதான் காரணம். எஃப்/6.5இலேயே ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் 8 முதல் 9 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. 16 மெகாபிக்சல் சிறு சென்சாரின் ஒரு பிக்சலோ 1.3 மைக்ரான்தான். இதற்கு மேலும் மூடினால் வெளிச்சமும் போகும், கூர்மையும் போகும்.

அடுத்து ஐ.எஸ்.ஓ. முழு வெயில் பறவைமேல் நேராக விழுந்தால், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/6.5க்கு ஷட்டர் 1/600 நொடி அளவில் கிடைக்கும். தாராளம். திறந்தவெளி நிழலுக்குப் பறவை நகர்ந்ததும் வெளிச்சம் மூன்று படி இறங்குகிறது (ஒவ்வொரு படிக்கும் பாதியாகும்). அதே 100இல் 1/75தான். 400க்கு ஏற்றினால் 1/300, சமாளிக்கலாம். அடர்ந்த மரத்தடியில் இன்னும் இரண்டு படி போய்விடும். 800 வைத்தும் 1/150 தாண்டாது. ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வுக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி இருந்தால் 400 வையுங்கள், இருட்டில் மட்டும் 800. அதற்கு மேல் கிடைக்கும் படம் 'இன்ன பறவை வந்தது' என்று பதிவு செய்ய உதவும், மாட்டி வைக்க உதவாது.

சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் 1/250க்குக் கீழே போகாமல் பாருங்கள். சிறு பறவைகளின் தலை ஒரு நொடிகூட நிலையாக இருக்காது. தேன்சிட்டு மாதிரியானவற்றுக்கு 1/500 வேண்டும். மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷன் குறைக்கும் தெரிவு இருந்தால் 'குறைவு' என்று வையுங்கள். ஃபோகஸ் உதவி விளக்கையும் பீப் ஒலியையும் அணையுங்கள். அந்த விளக்கு சில மீட்டருக்கு மேல் எட்டாது; பறவையை மிரட்டத்தான் உதவும்.

இந்த அமைப்பு முழுவதையும் சி1 அல்லது யு என்ற டயல் இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பறவை வந்த பிறகு மெனுவைத் தேடினால், மெனு கிடைக்கும்போது பறவை இருக்காது.

கே: கேமராவில் டிஜிட்டல் ஜூம் 200 மடங்கு வரை போகிறதே, பயன்படுத்தலாமா?

ப: அணைத்துவிடுங்கள். படத்தின் நடுவை வெட்டி ஊதிப் பெரிதாக்குவதுதான் அது. அதையே வீட்டில் நிதானமாகச் செய்யலாம்.

கே: பறவையை விட்டுவிட்டு முன்னால் உள்ள இலையையோ பின்னால் உள்ள கிளையையோதான் ஃபோகஸ் பிடிக்கிறது. சில நேரம் முன்னும் பின்னும் ஓடி எதையுமே பிடிப்பதில்லை.

ப: இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை படத்தின் மாறுபாட்டைப் பார்த்து ஃபோகஸ் செய்பவை. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே இருள்-ஒளி விளிம்பு அதிகத் தெளிவாகிறதோ அங்கே நிற்கும். ஃபோகஸ் பெட்டிக்குள் பறவையோடு ஒரு கிளையும் இருந்தால், கிளையின் நேரான விளிம்பு பறவையின் மெத்தென்ற மார்பைவிட அதற்கு ருசியான தீனி.

முதலில் ஃபோகஸ் பெட்டியை நடுவில் நிறுத்தி, மிகச் சிறிய அளவுக்கு மாற்றுங்கள். முகம் தேடுவது, தானாகப் பின்தொடர்வது எல்லாவற்றையும் அணையுங்கள். பெட்டியை ஒரே நிறமான வயிற்றில் வைக்காதீர்கள். கண்ணோரம், இறக்கையின் கோடு, நிறம் மாறும் கழுத்து இவற்றில் ஒன்றில் வையுங்கள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்ததும் அப்படியே ஃப்ரேமைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம்.

அதுவும் பிடிக்கவில்லையா? கால் பற்றியிருக்கும் கிளையை, பாதத்தை ஒட்டி, ஃபோகஸ் செய்யுங்கள். 1200 மி.மீ. சமானத்தில் 10 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 14 செ.மீ. ஆழம் தெளிவாக வரும். கிளைக்கு நேர்மேலே இருக்கும் தலை அதற்குள் வந்துவிடும்.

ஃபோகஸ் வெகுதூரப் பின்னணிக்கு ஓடிப்போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டால், வ்யூஃபைண்டரில் பறவை வெறும் கறையாகத்தான் தெரியும். எத்தனை முறை பாதி அழுத்தினாலும் திரும்பி வராது. அப்போது பறவை இருக்கும் அதே தூரத்தில் உள்ள அடிமரத்தையோ கல்லையோ பிடித்து, பிறகு பறவைக்கு வாருங்கள். இல்லாவிட்டால் ஜூமைப் பாதியாக்கி ஃபோகஸ் செய்து, பாதி அழுத்தத்தை விட்டுவிட்டு ஜூமை நீட்டி மறுபடியும் அழுத்துங்கள். புதருக்குள் இருக்கும் பறவைக்கு மேனுவல் ஃபோகஸ்தான் கடைசி வழி. கேனான் எஸ்எக்ஸ்60, நிக்கான் பி900 போன்றவற்றில் ஃபோகஸ் ஆன விளிம்பை எடுத்துக்காட்டும் பீக்கிங் இருக்கிறது.

இன்னொன்று: பறவை மிக அருகில் இருப்பதும் தொல்லைதான். பி900 முழு ஜூமில் 5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது, பி1000க்கு 7 மீட்டர். ஜன்னலுக்கு வெளியே 3 மீட்டரில் வந்து உட்காரும் குருவிக்கு ஜூமைக் குறைத்தே ஆக வேண்டும். எஸ்எக்ஸ்50 இதில் தாராளம், 1.3 மீட்டர் வரை வரும்.

கே: முழு ஜூமில் பறவை எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. இலையாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

ப: 1200 மி.மீ. சமானத்தில் 10 மீட்டர் தூரத்தில் நீங்கள் பார்ப்பது 30 செ.மீ. அகலச் சன்னல், 2000 மி.மீ. என்றால் 18 செ.மீ.க்கும் குறைவு. அந்த ஓட்டைக்குள் பறவை தானாக வந்து விழாது.

பறவையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். கண்ணைக் கேமராவுக்குத் தாழ்த்தாதீர்கள். ஜூமைக் குறைத்து வைத்திருங்கள். பார்க்கும்போதே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: "கவட்டைக் கிளைக்கு இடப்பக்கம், காய்ந்த இலைக்கு மேலே" என்று. பிறகு நடுவில் பறவையை வைத்தபடியே ஜூமை நீட்டுங்கள். பாதி வழியில் தொலைந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம், பின்வாங்குங்கள். இதற்கென்றே கேனான் மாடல்கள் சிலவற்றிலும் பி900இலும் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் ஜூம் சட்டென்று சுருங்கும், பழைய எல்லை ஒரு கட்டமாகத் தெரியும், விட்டால் மறுபடி நீளும். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்காதவர்கள்தான் அதிகம். பி950, பி1000 வைத்திருப்பவர்கள் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட்ஷூவில், குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் டாட்சைட் பொருத்திக்கொள்ளலாம். பி900இல் ஹாட்ஷூ இல்லை.

கே: முக்காலி கட்டாயமா?

ப: உட்கார்ந்து காத்திருக்கும் இடத்தில் நல்லது, நடந்து தேடும்போது சுமை. ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட், அல்லது சுவர், வண்டி ஜன்னல், பாறைமேல் வைக்க அரிசியோ மணலோ நிரப்பிய ஒரு துணிப்பை, பல நேரம் இவையே போதும். மெலிந்த முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தி அதன்மேல் 2000 மி.மீ. வைத்தால், கையைவிட மோசமாக ஆடும்.

கையில் எடுக்கும்போது திரையைப் பார்த்து நீட்டிய கைகளோடு எடுக்காமல், வ்யூஃபைண்டரில் கண் பதித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது கை லென்ஸுக்கு அடியில் இருக்கட்டும். பாதி அழுத்தியதும் உடனே முழுதும் அழுத்தாதீர்கள். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஆட்டக் கட்டுப்பாடு நிலைகொள்ள அரை நொடியிலிருந்து ஒரு நொடி ஆகும். காட்சி மிதந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நின்ற பிறகு, மூச்சை மெல்ல விடும்போது, மூன்று நான்காகத் தொடர்ந்து எடுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்தத்தின் ஆட்டம் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது பெரும்பாலும் மேல். கேமராவை முக்காலியில் இறுக்கிப் பூட்டிவிட்டால் ஆட்டக் கட்டுப்பாட்டை அணைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள். முக்காலியின் தலையைத் தளர்த்தித் திருப்பிக்கொண்டிருந்தால் அது இயங்கட்டும்.

கே: ஏரியில் 150 மீட்டருக்கு அப்பால் பூநாரைக் கூட்டம். முக்காலி, டைமர், எல்லாம் சரி. ஆனாலும் நண்பகல் படங்கள் கரைந்துபோய் இருக்கின்றன.

ப: அது கானலின் வேலை. சூடேறிய மண்ணுக்கும் நீருக்கும் மேலே வெவ்வேறு வெப்பநிலையில் காற்று அடுக்குகள் நெளிகின்றன. ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு விதமாக வளைக்கிறது. ஜூம் கூடக்கூட அந்த நெளிவும் சேர்ந்தே பெரிதாகிறது. இதற்கு எந்த விலைக் கேமராவிலும் மருந்து இல்லை. சூரியன் எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம், அல்லது மழை ஓய்ந்த பிறகு போங்கள். தார்ச்சாலைக்கும் மணல் திட்டுக்கும் குறுக்கே எடுக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் இருபது முப்பது படம் எடுங்கள். காற்று ஒரு கணம் அடங்கியபோது விழுந்த ஒன்று அதில் இருக்கக்கூடும். வண்டியின் ஜன்னலில் வைத்து எடுக்கும்போது ஏ.சி. காற்றும் எஞ்சின் சூடும் இதையே செய்யும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

கே: கொக்கு வெளிறிப்போகிறது, காகம் கரிக்கட்டையாகிறது. இரண்டுக்கும் என்ன செய்வது?

ப: பறவையின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஃப்ரேமில் மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேமரா மொத்தக் காட்சியையும் சராசரி சாம்பலாக்கப் பார்க்கும். கரும்பச்சைப் பின்னணியில் சிறிய வெள்ளைக் கொக்கு என்றால், பச்சையை வெளுக்க முயன்று கொக்கை எரித்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை இறக்குங்கள். அதே கொக்கு ஃப்ரேம் முழுக்க நிறைந்திருந்தால் கேமராவே இருட்டாக்கிவிடும். அப்போது பூஜ்யமோ பிளஸ் 0.3ஓ போதும். வானத்தை முதுகில் வைத்துக் கம்பியில் உட்கார்ந்த கரிச்சானுக்குப் பிளஸ் 1 முதல் 1.7 வரை வேண்டும். வானம் வெளுக்கும், வெளுக்கட்டும். இலை இருட்டுக்குள் இருக்கும் காகத்துக்குப் பூஜ்யம், அல்லது மைனஸ் 0.3.

சிறு சென்சாரில் வெள்ளை ஒருமுறை எரிந்துவிட்டால் இறகுக் கோடு திரும்பி வராது; இருட்டாக வந்ததை ஓரளவு தூக்கி எடுக்கலாம். ஐயம் வந்தால் இருட்டுப் பக்கமே சாயுங்கள்.

கே: பறக்கும் பறவை இந்தக் கேமராவில் நடக்கிற காரியமா?

ப: நடக்கும், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால். தகைவிலானையும் உழவாரனையும் மறந்துவிடுங்கள். பருந்து, நாரை, கொக்கு போல நிதானமாக இறக்கை அடிப்பவற்றில் ஆரம்பியுங்கள்.

ஜூமை 300 முதல் 500 மி.மீ. சமானத்துக்குக் குறையுங்கள். ஷட்டர் மோடில் 1/1000 முதல் 1/1600. பக்கவாட்டில் போகும் பறவையின் தூரம் அதிகம் மாறாது, எனவே ஒருமுறை பிடித்த ஃபோகஸ் சற்று நேரம் தாங்கும். நேராக நம்மை நோக்கி வருவதை இந்த ஃபோகஸால் துரத்த முடியாது.

அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து படமெடுக்கும் பர்ஸ்ட்டை எண்ணிச் செலவு செய்யுங்கள். பி900 நொடிக்கு 7 படம் எடுக்கும், ஆனால் 7 படத்தோடு நின்றுவிடும். பிறகு மெமரி அட்டையில் எழுதி முடிக்கும்வரை சில நொடிகள் கேமரா உங்களுடையது அல்ல. வேகமான அட்டை போட்டாலும் அந்தக் காத்திருப்பு முழுதும் ஒழியாது. எனவே பறவை உட்கார்ந்திருக்கும்போது பர்ஸ்ட்டைக் காலி செய்துவிட்டு, அது எழும்பும் நொடியில் கைகட்டி நிற்காதீர்கள். கிளம்பப் போவதற்கு அறிகுறி உண்டு: உடம்பைத் தாழ்த்தும், முன்னால் சாயும், பல நேரம் எச்சமிடும். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். காற்றும் சூரியனும் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் அது உங்களை நோக்கி எழும்பும், முகத்தில் ஒளியும் விழும்.

பஞ்சுருட்டான் ஒரு வரப்பிரசாதம். பூச்சியைப் பிடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பி வரும் பழக்கம் அதற்கு உண்டு. குச்சியின் நுனியில் மேனுவலாக ஃபோகஸ் வைத்து, ஒரு பக்கம் இடம் விட்டு ஃப்ரேம் கட்டி, அது வரும்வரை காத்திருங்கள். பானசோனிக் எஃப்இஸட்300இல் 4கே ஃபோட்டோ வசதி இருக்கிறது. பொத்தானை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பிருந்தே நொடிக்கு 30 படமாகச் சேமிக்கும். ஒவ்வொன்றும் 8 மெகாபிக்சல்தான், இந்த வேலைக்கு அது போதும்.

கே: கூட்டில் குஞ்சுகள் இருக்கின்றன. எத்தனை மீட்டர் தள்ளி நின்று எடுக்கலாம்?

ப: எடுக்க வேண்டாம். தாய்ப்பறவை அலகில் இரையை வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் கத்திக்கொண்டிருந்தால், நீங்கள் நிற்கும் இடமே அதற்கு அபாயம் என்று பொருள். காகம் நம் நடமாட்டத்தை வைத்தே கூட்டைக் கண்டுபிடிப்பதுண்டு. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

கே: ராவில் (RAW, கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுக்கலாமா, கேமராவே மெருகேற்றித் தரும் ஜேபெக் (JPEG) போதுமா?

ப: பி900க்கும் சோனி எச்எக்ஸ்400விக்கும் அந்தக் கேள்வியே இல்லை, அவற்றில் ரா கிடையாது. எஸ்எக்ஸ்50, எஸ்எக்ஸ்60, எஸ்எக்ஸ்70, எஃப்இஸட்300, பி950, பி1000 ஆகியவற்றில் உண்டு. வெளிச்சம் நன்றாக இருந்தால் ஜேபெக்கே போதும். ஐ.எஸ்.ஓ. 400, 800 என்று போகும்போதும், வெள்ளைப் பறவைக்கும் ரா கைகொடுக்கும். கேமரா துடைத்துப்போடும் இறகை நீங்கள் அளவாகத் துடைக்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை, பர்ஸ்ட்டின் வேகம் குறைவது.

கணினியில் முதலில் நாய்ஸ், பிறகு வெட்டு, பிறகு அளவைச் சுருக்குதல், கடைசியாக ஷார்ப்பன், அதாவது கூர்மையேற்றுதல். இந்த வரிசையை மாற்றி முதலிலேயே ஷார்ப்பன் செய்தால் நாய்ஸுக்குத்தான் கூர்மை கூடும். ஷார்ப்பன் ஆரத்தை (ரேடியஸ்) 0.5 முதல் 0.8 பிக்சலுக்குள் வையுங்கள். பறவையைச் சுற்றி வெள்ளைக்கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது. 16 மெகாபிக்சல் படத்தை 2000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் குறைகளில் பாதி கண்ணிலிருந்து மறையும். அது மோசடி அல்ல, சிறு சென்சார்ப் படத்தின் நேர்மையான அளவே கிட்டத்தட்ட அதுதான்.

கே: 24 மடங்கு, 83 மடங்கு, 125 மடங்கு. எதை வாங்குவது?

ப: மடங்கைப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் பறவை பார்க்கும் இடத்தைப் பார்த்து வாங்குங்கள்.

தோட்டம், மரநிழல், 10 மீட்டருக்குள் சிறு குருவிகள் என்றால் எஃப்இஸட்300. 600 மி.மீ. சமானம்தான், ஆனால் கடைசிவரை எஃப்/2.8. எஃப்/6.5ஐவிட ஐந்து மடங்குக்கு மேல் வெளிச்சம். மற்றவர் 1/100இல் தடுமாறும் இடத்தில் நீங்கள் 1/500இல் எடுப்பீர்கள். ஆனால் 12 மெகாபிக்சல் படத்தை 1200 மி.மீ. அளவுக்கு வெட்டினால் 3 மெகாபிக்சல்தான் மிஞ்சும் என்பதை மறக்கக் கூடாது.

ஏரி, கடற்கரை, கிட்டப் போக முடியாத திறந்தவெளி என்றால் பி900 அல்லது பி950. 24 முதல் 2000 மி.மீ. சமானம், எடை ஒரு கிலோவை ஒட்டி. ரா வேண்டுமென்றால் பி950. பி1000இன் 3000 மி.மீ. வாயைப் பிளக்க வைக்கும், ஆனால் 1.4 கிலோ எடையும், கடைசி முனையில் எஃப்/8உம், மேலே சொன்ன கானலும் அதைப் பாதி நாள் 2000க்கே இழுத்து வந்துவிடும். இலேசாக வேண்டும், நாள் முழுக்கத் தோளில் கிடக்க வேண்டும் என்றால் 600 கிராம் எடையுள்ள எஸ்எக்ஸ்50 வகை. வ்யூஃபைண்டர்தான் மிகச் சுமார், ஏதோ சாவித்துவாரத்தில் பார்ப்பதுபோல் இருக்கும்.

எதை வாங்கினாலும் கூடவே இன்னொரு பேட்டரி. உற்பத்தியாளர் கணக்கில் பி900க்கு 360 படம், பி1000க்கு 250. ஜூமை நீட்டிச் சுருக்கிக்கொண்டே இருந்தால் அதற்கும் முன்னாலேயே தீரும்.

கே: ஜூமைக் கூட்ட லென்ஸின் முன்னால் திருகிக்கொள்ளும் டெலிகன்வர்ட்டர், யூவி ஃபில்டர் வாங்கலாமா?

ப: முதலாவது வேண்டவே வேண்டாம். இரண்டாவது லென்ஸைக் காக்கும். ஆனால் மலிவுக் கண்ணாடி முழு ஜூமில் கூர்மையைத் தின்னும். போட்டும் போடாமலும் ஒரே பொருளை எடுத்து ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கே: பழைய கேமரா ஒன்று கைமாற்றாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ப: உடம்பில் கீறல் இருந்தால் பரவாயில்லை, ஜூம் குழாயைத்தான் பார்க்க வேண்டும். ஜூமை முழுதும் நீட்டிச் சுருக்கிப் பத்து முறை செய்யுங்கள். தடுக்கினாலோ, அரைக்கும் சத்தம் வந்தாலோ, 'லென்ஸ் பிழை' என்று அணைந்தாலோ விட்டுவிடுங்கள். நீண்ட நிலையில் குழாயை விரலால் மெல்ல அசைத்தால் சற்று ஆடுவது இயல்பு. லொடலொடவென்று ஒரு பக்கமாகத் தொங்கினால் எங்கோ விழுந்திருக்கிறது.

அடுத்து, அச்செழுத்துள்ள ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, ஏழெட்டு மீட்டர் தள்ளி, கேமராவை அசையாமல் வைத்து முழு ஜூமில் எடுங்கள். நான்கு மூலையில் ஒன்று மட்டும் கரைந்திருந்தால் லென்ஸ் மையம் விலகியிருக்கிறது. வெள்ளைச் சுவரை அல்லது மேகமில்லா வானத்தை, அப்பர்ச்சரை எஃப்/8க்கு மூடி எடுத்துப் பாருங்கள். நகராத சாம்பல் பொட்டுகள் இருந்தால் சென்சாரில் தூசி. இந்தக் கேமராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாதென்பதால் அதை நீங்களே ஊதித் தள்ள முடியாது. ஜூம் குழாய் நீண்டு சுருங்கும்போதெல்லாம் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். மணற்பரப்பில் உலவிய கேமராவென்றால் இந்தச் சோதனையை இருமுறை செய்யுங்கள்.

கைபேசி விளக்கை முன்கண்ணாடியில் சாய்த்துக் காட்டி, உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். முழு ஜூமில் பாதி அழுத்தினால் ஆடும் காட்சி நிலைகொள்ள வேண்டும். நிலைகொள்ளாமல் துடித்தால் ஆட்டக் கட்டுப்பாடு பழுது. பேட்டரியை வெளியே எடுத்துத் தட்டையான மேசையில் வைத்துச் சுழற்றுங்கள்; பம்பரம்போல் சுற்றினால் வீங்கியிருக்கிறது. அதற்காகக் கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை, புதுப் பேட்டரிக்கான விலையைக் கழித்துக் கேளுங்கள்.